மிச்சம் எங்கே போகும்?

பினாங்கு

அன்புள்ள சந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம். தைப்பூசக் கூட்டம் கலைந்ததும் தண்ணீர்மலைப் பக்கம் காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டேன். உன் மகளுக்கு வேலை நிரந்தரமானது பெரிய சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியத்தைச் சுத்தம் செய்து மறுபடி போடலாமாமே, அப்புறம் கழிவு ஏது என்கிறாய். பாதி உண்மைதான். வெளியே எடுக்கிற எரிபொருளில் சுமார் 95 சதவீதம் யுரேனியமாகவே இருக்கிறது. புளூட்டோனியம் ஒரு சதவீதம். மிச்சம் பெரும்பாலும் சீசியம், ஸ்ட்ரான்சியம் போன்ற பிளவுப் பொருள்கள், அதாவது அணு பிளந்தபோது உண்டானவை.

ஆறாம் படிவ ஆய்வுக்கூடம் ஞாபகமிருக்கிறதா? அயோடின் கரைந்த தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரிபுனலைக் குலுக்கி நிறுத்துவோமே. கீழே தண்ணீர் வெளுக்க, மேலே எண்ணெய் ஊதாவாகும். மறுசுத்திகரிப்பின் அடிப்படையும் அதுதான். எரிபொருள் தண்டுகளைச் சில வருஷம் தண்ணீர்த் தொட்டியில் ஆறப்போட்டு, துண்டு போட்டு, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். மண்ணெண்ணெய் மாதிரியான கரைப்பானில் டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற வேதிப்பொருளைக் கலந்து சேர்த்தால், யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்க்கு ஏறிவிடும். பிளவுப் பொருள்கள் அமிலத்திலேயே தங்கிவிடும். பிறகு புளூட்டோனியத்துக்கு எலெக்ட்ரான் ஏற்றி ஒடுக்கினால் அது மட்டும் அமிலத்துக்கு இறங்கி வரும். என்ன அழகான வேதியியல்! ஆனால் அத்தனையும் கனத்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால், கை படாமல் நடக்க வேண்டும். 2005இல் பிரிட்டனின் செல்லாஃபீல்டு மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாய் உடைந்து 83 கன மீட்டர் கரைசல் அறைக்குள் ஒழுகிக் கிடந்தது. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

அமிலத்தில் தங்கியதைக் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளைகளில் அடைக்கிறார்கள். ஆக, கழிவின் அளவு குறைகிறது, ஆனால் கழிவு இருக்கத்தான் செய்கிறது. அதைவிட என்னை உறுத்துவது பிரித்தெடுத்த புளூட்டோனியம். அணுகுண்டுக்கும் அதுதான் சரக்கு. இந்தியா 1974இல் அணுகுண்டை வெடித்துக் காட்டியதற்கு மும்பை டிராம்பேயில் பிரித்ததுதான் உதவியது. மூன்று வருஷத்தில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தம் நாட்டில் இந்த வேலையையே நிறுத்திவைத்தார். பிரிட்டனோ பயன்படும் என்று நம்பிப் பிரித்துப் பிரித்து, இப்போது 140 டன் அளவில் வைத்துக்கொண்டு, அதை இறுகச் செய்து புதைக்கலாம் என்று 2025இல் அறிவித்திருக்கிறது. ஜப்பானில் ரொக்காஷோ மறுசுத்திகரிப்பு ஆலையை 1993இல் கட்டத் தொடங்கினார்கள்; இழுத்துக்கொண்டே போகிறது.

பிரான்சின் லா ஆக், தமிழ்நாட்டுக் கல்பாக்கம் எல்லாம் வேலை செய்வதைப் பார்க்கும்போது இது முடியாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய நாடு, பெரிய செலவு, தலைமுறை தலைமுறையான ஆள்பலம் வேண்டும். நம் மலேசியாவுக்கோ சிலாங்கூரின் பாங்கி ஊரில் ஒரு மெகாவாட் ஆராய்ச்சி உலை ஒன்றுதான். நீ ஈப்போக்காரன், புக்கிட் மேரா அரிய மண் ஆலையின் கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவுக்காக ஊர் ஜனங்கள் கோர்ட் வாசலில் நின்றதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஆலை 1994இல் மூடியது; கழிவைக் கிளேடாங் மலையில் புதைத்து முடிக்க எத்தனை காலம் பிடித்தது!

உன் மகள் மின்சாரக் கருத்தரங்கத்துக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாயே, நம் நாட்டில் அணு மின்நிலையம் வந்தால் எரிந்த எரிபொருள் எந்த நாட்டுக்குப் போகும், திரும்பி வருகிற கண்ணாடி உருளையை எங்கே வைப்பார்கள் என்று அங்கே கேட்கச் சொல். என்ன பதில் வந்தது என்று எழுது.

அன்புடன்,
ராஜு