முயலை எழுப்பியிருக்கலாமே

அன்புள்ள கண்ணம்மா,

பேரனுக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பட்டியல் எழுத உட்கார்ந்தால் பழைய ஞாபகம் வந்து கெடுக்கிறது.

உனக்கு அப்போது ஆறு வயது. முயல் ஆமை கதையை முடித்து, வழக்கம்போல "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டி, "ஆமை முயலை எழுப்பியிருக்கலாமே அப்பா" என்றாய். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்" என்று அதட்டினேன். இன்னும் உறுத்துகிறது.

இப்போது அனார்க்கிஸ்டுகள் குழந்தைகளுக்கு எழுதியதைத் தேடிப் படிக்கிறேன். அரசே வேண்டாம் என்கிறவர்கள் என்னைப் போன்ற அப்பன்களை விடுவார்களா? ஸ்பெயின்காரரான பிரான்சிஸ்கோ ஃபெரர் 1901-ல் பார்சிலோனாவில் நவீனப் பள்ளியைத் தொடங்கியபோது 12 சிறுமிகள், 18 சிறுவர்கள். பரீட்சை, பரிசு, தண்டனை எதுவும் கிடையாது. 1909-ல் அந்த ஊரில் நடந்த கலகத்துக்குத் தலைமை தாங்கினார் என்று குற்றம்சாட்டி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பள்ளி வெளியிட்ட வாசிப்பு நூல்களில் ஒன்று பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் ழான் கிராவ் எழுதிய நோனோவின் கதை. எஜமானர்களே இல்லாத நாட்டுக்குப் போகும் சிறுவன், பிறகு பணம் ஆளும் நாட்டில் மாட்டிக்கொள்கிறான். அந்த ராஜாவின் பெயரிலேயே காசு இருக்கிறது. நல்லவள் ஒருத்தியின் பெயர் சொலிடாரியா, அதாவது தோழமை. எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். கடைசிப் பக்கத்தில் இருந்த நீதி எழுந்து வந்து பாத்திரங்களின் பெயரில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

எனக்குப் பிடித்தவர் ஆங்கில எழுத்தாளர் வில்லியம் காட்வின். அனார்க்கிஸ்ட் என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அவரை முன்னோடி என்றார்கள். 1805-ல் மனைவியோடு லண்டனில் சிறுவர் புத்தகத் தொழிலில் இறங்கினார். அவர் பெயரைப் பார்த்தால் பெற்றோர் மிரளுவார்கள் என்பதால், எட்வர்ட் பால்ட்வின் என்ற பெயரில் நீதிக்கதைகள் எழுதினார்! அதற்கு முன்பே, 1797-ல், அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கதையின் நீதி வேறு, அது படிப்பவர் மனதில் செய்யும் வேலை வேறு என்கிறார். இரண்டாவது ஆளுக்கு ஆள் மாறும், எழுதியவருக்கே பிடிபடாது. ஆகவே என்ன படிப்பது என்பதைப் பிள்ளையிடமும் கொஞ்சம் விட்டுவிடச் சொல்கிறார். முயல் ஆமை கதை எனக்குக் காட்டியது ஆமையின் விடாமுயற்சியை. உனக்குக் காட்டியது தூங்கும் முயலைத் தாண்டிப் போன ஆமையை.

சரி, பட்டியல் வேண்டாம். அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கைக்கு எட்டுகிற மாதிரி புத்தகங்களை வை, அவனே இழுத்துப் போடட்டும். அடுத்த மாதம் வரும்போது முயல் ஆமை கதையை நான்தான் சொல்வேன். முடிந்ததும் நான் வாயைத் திறந்தால் கிள்ளச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா