துறைமுக வழக்குகளில் விடுபட்ட விவரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயர் காலத் துறைமுகங்களில் காவலர்களைத் தாக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட வெளிநாட்டு மாலுமிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைக் குளச்சலில் நாங்கள் பலரும் ஆர்வத்துடன் படித்தோம். சாராயக் கடையில் தொடங்கிய சச்சரவு விரிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் பிடிபட்டவர் யார் முன் நிறுத்தப்பட்டார், என்ன தீர்ப்புப் பெற்றார் என்பது சொல்லப்படவில்லை. அந்த வழக்குகளில் முதன்மையானது அதுதான் என்று கருதுகிறேன்.

கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கித் தடுப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 353ஆவது பிரிவு எல்லோருக்கும் பொதுவாகவே விதித்தது. பாகுபாடு விசாரணை முறையில் இருந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு வெளியே ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜையை இந்திய மாஜிஸ்திரேட் விசாரிக்க முடியாது என்ற நிலையை மாற்ற 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, கல்கத்தா வெள்ளையர்கள் அதை மூர்க்கமாக எதிர்த்தார்கள். 1884இல் நிறைவேறிய சட்டம் இந்திய மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்த கையோடு, ஜூரிகளில், அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவில், பாதிப் பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் குற்றம்சாட்டப்பட்ட அந்தப் பிரஜைக்கு வழங்கிவிட்டது. நமக்கு அந்நியரான, இங்கிலாந்தின் லிவர்பூல் மாலுமி, பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அந்தச் சட்டத்துக்கு அந்நியரே அல்லர். ஆகவே தூத்துக்குடியில் ஒரு தமிழ்க் காவலர் அடிபட்டிருந்தால், அடித்தவர் லிவர்பூல்காரரா, அரபு மாலுமியா என்பதைப் பொறுத்து வழக்கின் போக்கே மாறியிருக்கும். இத்தகைய இனப் பாகுபாடுகளை நீக்கும் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகு, 1949இல்தான் வந்தது.

யார் விசாரிப்பது என்ற கேள்வி எங்கள் கடற்கரைக்குப் பழங்கதை அன்று. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றதாக ‘என்ரிகா லெக்சி’ கப்பலின் இத்தாலியக் கடற்படை வீரர் இருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. இறந்தவர்களில் ஒருவர் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் அந்த வீரர்களுக்கு இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குரிமை உண்டு என்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டுடன் வழக்கை முடித்தது.

மறுபுறம், எங்கள் பிள்ளைகளே அயல் துறைமுகங்களில் வெளிநாட்டு மாலுமிகளாக இருக்கிறார்கள். எங்கோ பிடிபட்ட மகனின் பாஸ்போர்ட், சிடிசி என்னும் மாலுமிப் பணிச் சான்று ஆகியவற்றின் நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு காத்திருக்கும் தாய்மாரை இங்கே எல்லோரும் அறிவோம். குற்றச்சாட்டை மட்டும் பெரிதாகப் போட்டு, முடிவைச் சொல்லாமல் விடும் செய்தி அவர்களுக்கு எத்தனை கொடுமையானது என்பதையும் அறிவோம்.

எனவே, இத்தொடர் நீடிக்குமானால், ஒவ்வொரு வழக்கிலும் விசாரித்த நீதிமன்றம், ஜூரி இருந்ததா இல்லையா, தீர்ப்பு, கிடைத்தால் அடிபட்ட காவலரின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிடுமாறும், இதற்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைக் கட்டுரையாளர் அணுகுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.