“லைசென்ஸ்னா லைசென்ஸ்தானே அம்மா?”

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை சிங்கப்பூர் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு நாணயமாற்றுக் கடை வாசலில் நின்றுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், ஊருக்கு அனுப்ப ஓர் இளைஞர் கொடுத்த 900 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) வாங்கி எண்ணினார். பால்மாவு டப்பா அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளைக்கான ஐஎஃப்எஸ்சி எண்ணையும் அந்தப் பையன் எழுதி வைத்திருந்தார். கடைக்காரர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். “சாயங்காலத்துக்குள்ள ஏறிடும், போயிட்டு வா தம்பி” என்றார். ரசீது தரவில்லை. பையனும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“ரசீது போட்டா இந்த ரேட் வராதும்மா” என்று பதில் வந்தது.

நான் 2001 முதல் 2022 வரை பணம் அனுப்பும் கடைகளில் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவள். அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பையனைப் பணத்தைத் திரும்ப வாங்கச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கொடுத்துவிட்டார். வெளியே வந்து, சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையத்தளத்தில் உள்ள நிதி நிறுவனப் பட்டியலில் அந்தக் கடையின் பெயரைத் தட்டிப் பார்த்தேன். பெயர் இருந்தது. ஆனால் நாணயமாற்று உரிமம் மட்டும்தான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அந்த உரிமம் போதாது. இதைச் சொன்னதும் அந்தப் பையன் கேட்டார்: “லைசென்ஸ்னா லைசென்ஸ்தானே அம்மா? கடையில மாட்டியிருக்காங்களே.”

அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

2020 ஜனவரி 28 முதல் இங்கே நடப்பில் இருப்பது கட்டணச் சேவைச் சட்டம். அதன்கீழ் மூன்று வகை உரிமங்கள் உண்டு. ஒன்று, நோட்டு மாற்றித் தருவதற்கு மட்டும். மற்ற இரண்டும் பணம் அனுப்புவது போன்ற சேவைகளுக்கு: சாதாரண நிறுவனம், பெரிய நிறுவனம். ஒரு சேவையில் கைமாறும் பணம் மாதச் சராசரி 3 மில்லியன் வெள்ளியைத் தாண்டினாலோ, பல சேவைகள் சேர்ந்து 6 மில்லியன் வெள்ளியைத் தாண்டினாலோ பெரிய நிறுவன உரிமம் வாங்கியாக வேண்டும். உரிமமே இல்லாமல் இந்தத் தொழில் செய்யும் தனிமனிதருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வெளிநாட்டு ஊழியர் விடுதியில் ‘உண்டியல்’ போடும், அதாவது உரிமம் இல்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பித் தரும், அண்ணன்களுக்கும் இது பொருந்தும்.

இதில் வரிசையில் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறொன்று. பெரிய நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல், வங்கியில் வாடிக்கையாளருக்கென்று தனியாக வைக்கும் பொறுப்புக் கணக்கு அல்லது வங்கி உத்தரவாதம் போன்ற வழிகளில் பாதுகாத்து வைக்க வேண்டும். சாதாரண நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகள், இரண்டிலும் உரிமம், ஒரே ரேட். ஒன்று நொடித்துப்போனால் உங்கள் பணத்துக்கு ஒரு வேலி இருக்கும், மற்றதில் இருக்காது. இதை எந்தப் பலகையைப் பார்த்து அந்தப் பையன் தெரிந்துகொள்வார்?

உரிமம் இருப்பதால், நிறுவனம் நொடித்தாலும் கொடுத்த பணம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நான் பயன்படுத்தும் செயலியில் அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், ‘சம்மதம்’ என்று அழுத்துவதற்கு முந்திய பக்கத்தின் அடியில் கிடக்கிறது. இதற்கு முன் நான் எத்தனையோ முறை அதைப் படிக்காமலே அழுத்தியிருக்கிறேன், தொழில் தெரிந்தவளாக இருந்தும்.

என் மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கடையில், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்குத் தளம் போட 2,400 வெள்ளி கட்டினார். வியாழக்கிழமை கட்டிவிட்டார், திங்களன்று கான்கிரீட். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது. பணம் போய்ச் சேரவில்லை. நாம் இங்கே கொடுக்கும் நோட்டு அப்படியே ஊருக்குப் பறந்து போவதில்லை. அங்குள்ள வங்கியிடமோ ஏஜெண்டிடமோ கடை முன்கூட்டியே போட்டுவைத்திருக்கும் இருப்பிலிருந்துதான் பட்டுவாடா நடக்கும். எங்கள் முதலாளியின் இருப்பு தீர்ந்திருந்தது. “சர்வர் டவுன்னு சொல்லு” என்றார். நானும் சொன்னேன். அவர் நான்கு நாள், தினமும் வேலை முடிந்து, சிமெண்ட் ஒட்டிய பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்த்து, “இன்னைக்காவது ஏறிடுமா?” என்று கேட்டார். ஐந்தாம் நாள் பணம் சேர்ந்தது. அதற்குள் மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். அதனால்தான் இதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

உரிமம் பெற்ற நிறுவனம் என்றாலும் பணம் எந்த வழியில் போகிறது என்பது முக்கியம். 2023இல் சீனாவுக்கு அனுப்பப்பட்ட பணம் அங்கே முடக்கப்பட்டது நினைவிருக்கும். 670க்கும் மேற்பட்டோர் புகார் கொடுத்தார்கள், தொகை சுமார் 13 மில்லியன் வெள்ளி. வெளிநாட்டு மூன்றாம் தரப்பு ஏஜெண்டுகள் வழியாகப் போன பணம் அது. நாணய ஆணையம் 2024 ஜனவரி 1 முதல் அந்த வழிகளை நிறுத்தி, வங்கிகள், அட்டைக் கட்டமைப்புகள் வழியாக மட்டும் அனுப்பச் சொன்னது. மூன்று மாதத்துக்கு என்று வந்த தடை பிறகு நீட்டிக்கப்பட்டது. நம் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு அப்படி நேரக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல்.

இப்போது கூட்டம் கவுன்டரை விட்டுக் கைப்பேசிக்கு நகர்ந்துவிட்டது. 2020 ஏப்ரலில் விடுதிகள் மூடப்பட்டபோது செயலி வழியாக அனுப்பக் கற்றுக்கொண்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. 2023 பிப்ரவரி 21இல் கைப்பேசியிலேயே உடனே பணம் அனுப்பும் வசதிகளான சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தார்கள், நாளுக்கு 1,000 வெள்ளி வரை. வசதியாகத்தான் இருக்கிறது, நானே அக்காள் மகளுக்கு அப்படித்தான் அனுப்புகிறேன். ஆனால் கவுன்டரில் ஒரு தமிழ் முகமாவது இருந்தது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் நாங்கள் கூப்பிட்டுச் சொல்வோம். செயலியில் அந்தப் பேச்சு இல்லை.

தொகை ஒன்றும் சிறியதல்ல. 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த 118.7 பில்லியன் அமெரிக்க டாலரில் சிங்கப்பூரின் பங்கு 6.6 விழுக்காடு என்று இந்திய ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் அந்தப் பையனின் 900 வெள்ளி மாதிரியான தொகைகளும் அடக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அங்கே இந்தத் தொழிலுக்கு அநேகமாக ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக உரிமம் கொடுக்கிறது. நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு பணம் அனுப்பின என்று பொதுவான ஒரு முறைமையில் கணக்குக் காட்ட, மாநிலக் கண்காணிப்பு அதிகாரிகளின் அமைப்பு அதைத் தொகுத்து அறிக்கையாக வெளியிடுகிறது. ஐம்பது மாநிலம் நமக்கு வேண்டாம், நமக்கு ஒரே ஆணையம் போதும். அந்த வெளிப்படைத்தன்மை கடை வாசலுக்கு, தமிழில் வந்தால் நன்றாக இருக்கும்.

நான் கேட்பது பெரிதல்ல. கவுன்டர் கண்ணாடியில், ரேட் பலகைக்குப் பக்கத்திலேயே, எந்த வகை உரிமம், அதைக்கொண்டு பணம் அனுப்பலாமா, வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று தமிழிலும் வங்காளத்திலும் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். செயலிகளில் முதல் பக்கத்திலேயே அது வர வேண்டும். நாணய ஆணையம் இதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை, தங்கள் நாளிதழ் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பணம் அனுப்ப உரிமம் உள்ள நிறுவனங்கள் எவை, எந்த வகை என்று ஆணையத்தின் பட்டியலைப் பார்த்து அரைப்பக்கம் போட்டால், விடுதிகளில் அதை வெட்டிச் சுவரில் ஒட்டுவார்கள். வேலைக்குப் போன காலத்தில் ரேட் விளம்பரத்தை அப்படி ஒட்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையன் 900 வெள்ளிக்கு எவ்வளவு கூடுதலாகப் பார்த்தார் தெரியுமா? வெள்ளிக்கு 30 பைசா. மொத்தம் 270 ரூபாய். அன்று நாங்கள் இருவரும் வேறு கடைக்குப் போய், வரிசையில் நாற்பது நிமிடம் நின்று, ரசீதோடு அனுப்பினோம். ரசீதை நான்காக மடித்து வொர்க் பெர்மிட் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பட்டியலைத் தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் வந்து எழுதித் தருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
பணம் அனுப்பும் கடை முன்னாள் ஊழியர்,
ஈசூன்