தோப்பும்படிப் பாலத்துக்குக் கைகொடுத்த சேலத்துக்காரர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கொச்சித் துறைமுகப் பாலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம் என்றதும் "பாம்பனா?" என்றுதான் எல்லோரும் கேட்டீர்கள். பாம்பன் ரயில் பாலம், 1914-இல் திறந்தது. நாங்கள் சொல்ல வந்தது பஸ்ஸும் லாரியும் ஓடிய தோப்பும்படிப் பழைய பாலத்தை. கடலே இல்லாத சேலத்துக்கு அது எதற்கு என்றால், பழைய 47-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே கிளம்பி கொச்சி வழியாகத்தானே கன்னியாகுமரி போனது!

துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920-இல் கொச்சிக்கு வந்தது, காயலைத் தூர்வாரிய மண்ணிலேயே வில்லிங்டன் தீவு எழுந்தது, தீவை மட்டாஞ்சேரிப் பக்கத்தோடு இணைக்க இந்தப் பாலம் வந்தது, இதெல்லாம் புத்தகத்தில் கிடைத்துவிடும். பாலத்தின் நடுப்பகுதி மரம் என்பதும், அந்தக் காலத்தில் கப்பல் போக அதைத் தூக்கி வழிவிட்டார்கள் என்பதும்கூடக் கிடைக்கும். ஆனால் லோடு வண்டி அந்தப் பலகைமேல் ஏறும்போது ஸ்டியரிங்கில் கை எப்படி அதிரும் என்பதை சங்ககிரி டிரைவர் அண்ணன்கள் சொல்லித்தான் கேட்டோம். 2001-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்த பிறகு ஓட்டத் தொடங்கியவர்களுக்கு அந்த அதிர்வு தெரியாது. முதல் நன்றி உங்களுக்கு.

அப்புறம் மாதிரிப் பாலம். தூக்கும் கம்பிக்கு நாங்கள் வாங்கி வந்த நூல் தொய்ந்துகொண்டே இருந்தது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, பேசாமல் போய் மெல்லிய வெள்ளிச் சங்கிலி கொண்டுவந்து மாட்டினார். பலகை பூப்போல எழுந்தது! காசு வாங்க மறுத்துவிட்டார். நடுப்பகுதிக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து சில்வர் ஓக் துண்டுகள் வந்தன. அனுப்பிய அக்கா, மழையில் நனையாமல் சாக்கில் சுற்றிக் கடைசி பஸ்ஸில் போட்டுவிட்டார். அந்த பஸ் கண்டக்டருக்கும் நன்றி.

மலையாளச் செய்தித்தாள் நறுக்குகளைப் பொறுமையாகப் படித்துச் சொன்ன டீச்சர், மண்டபம் தந்தவர்கள், டீ போட்டுத் தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. டீக்கு மட்டும் இன்னும் கணக்கு முடியவில்லை, இந்த வாரம் கொடுத்துவிடுகிறோம்.

மாதிரிப் பாலம் இப்போது கொலுசுப் பட்டறையிலேயே இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், சங்கிலியை அவர்களே இழுத்துப் பார்க்கட்டும். அறுந்தால் மாற்றித் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர், சேலம்