புதன்கிழமை பார்த்த எஞ்சின்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஊர் திரும்பி இருபது நாள் ஆகியும் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுவாய். வேளைக்குச் சாப்பிடு.

நீ என்னை அமெரிக்காவில் அந்தப் பழைய ரயில்பாதை சேர்ந்த புரோமோண்டரிக்குக் கூட்டிப்போனதைப் பொன்மலையில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேற்கேயிருந்து சென்ட்ரல் பசிபிக், கிழக்கேயிருந்து யூனியன் பசிபிக், இரண்டு கம்பெனியும் போட்டுக்கொண்டு வந்த 1,776 மைல் ரயில்பாதை 1869 மே 10 அன்று அந்த யூட்டா பொட்டல்காட்டில் சேர்ந்த கதையை விரல் விட்டுச் சொன்னேன். அன்றைக்கு நேருக்கு நேர் நின்ற எஞ்சின்களில் ஜூபிடருக்கு விறகு, 119ஆம் நம்பருக்கு நிலக்கரி என்றதும் பழைய டிரைவர் ஒருவர் எழுந்தே விட்டார். விறகுப் புகைக்கும் கரிப் புகைக்கும் வாசனை வித்தியாசத்தை அரை மணி நேரம் பேசினோம்.

காரில் போகும்போது "அசல் இல்லப்பா, அதே மாதிரி செஞ்சது" என்று நீ சொன்னதும் நான் முகம் சுளித்தேன். அது என் தப்பு. அசல் இரண்டையும் 1903லும் 1909லும் ஆளுக்கு ஆயிரம் டாலருக்குப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்கள். வரைபடம்கூட மிஞ்சவில்லை. 1869இல் எடுத்த புகைப்படங்களை வைத்து அளவு கணக்குப் போட்டு, எழுநூறுக்கு மேல் படம் வரைந்து, 1979இல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நான் கரி அள்ளிப் போட்ட ஒய்பி எஞ்சின்களைக் கேஸ் வைத்து அறுத்ததைக் கண்ணால் பார்த்தவன். அதனால் 119 விசில் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று உன்னிடம் சொன்னேன்.

"எங்கப்பா ஸ்டீம் எஞ்சின்ல ஃபயர்மேனா இருந்தவர்" என்று அந்த ஊழியரிடம் நீ சொன்னாயே, அவர் கரிக் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தாரே. அதை அம்மாவிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் போட்ட இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்கள் பேர் சரித்திரத்தில் இருக்கிறது. கூட நின்று உழைத்த சீனர்கள் பேர் இல்லை. பாதை சேர்ந்த அன்று எடுத்த அந்தப் பெரிய குரூப் போட்டோவிலும் தேடினேன், ஒரு சீன முகம்கூட எனக்குத் தட்டுப்படவில்லை. மலையைக் குடைந்தவன் அவன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

தம்பி, நாம் போனது புதன்கிழமை.

போன தடவை வந்தபோது சோறு பிசைந்த கையோடு ஆபீஸ் ஃபோன் எடுப்பாய். இந்தத் தடவை ஆறு வாரம் இருந்தேன், அந்த ஃபோன் அடிக்கவேயில்லை. ஆபீஸ் அட்டை கோட்டு ஸ்டாண்டில் ஒரே மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மருமகள் மட்டும் விடியலில் கிளம்பிப் போனாள். அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. உன் படிப்புக்கும் கைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பெற்றவன் கூடவே ஆறு வாரம் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஃபிளைட்டில் வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

இங்கே வந்து, உன் பழைய அறையில் படுத்துக்கொண்டு யோசித்த பிறகுதான் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வருஷம் ஞாபகம் வந்தது. கணக்கில் மார்க் போய்விட்டது என்று நாற்பது நாள் உன்னோடு நான் பேசவில்லை. டூட்டி முடிந்து வருவேன், பையை வைப்பேன், "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொல்வேன். ஒரு நாள் சாயங்காலம் நீயே வந்தாய். வாசல்படியில் நின்று "அப்பா" என்றாய். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாய். நீ என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. பதினேழு வயசுப் பிள்ளையை அப்படி நிற்க வைத்தது என் குற்றம். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ரிட்டயர் ஆனபோது வந்த பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. எங்களுக்குப் பென்ஷன் போதும். பாப்பாவுக்கு அம்மா சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறாள், ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், திரும்ப எட்டு ஆகும். உனக்கு அங்கே காலை ஏழு. ஃபோனை நான் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்
அப்பா