போஸ்டர்ல படம் பெருசு, விஷயம் பொடிசு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அரசு ஸ்கூல்ல பிளஸ் டூ வரைக்கும் ஃபீஸ் இல்லைன்னு எங்க உசிலம்பட்டி பக்கம் எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு மேல என்னென்ன இருக்குன்னு கேட்டா டீக்கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மெடிக்கல் சீட்ல 7.5 சதவீதம் ஒதுக்கீடு, காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், ரெண்டுக்கும் ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசு ஸ்கூல்ல படிச்சிருக்கணும் (புதுமைப் பெண்ணுக்கு எய்டட் ஸ்கூல் தமிழ் மீடியத்தையும் அப்புறமா சேத்துட்டாங்க). இது தெரியாம எங்க தெருவுல ஒரு அக்கா, தோட்டை அடகு வச்சு மகளை ஒம்பதாவதுல பிரைவேட்டுக்கு மாத்தி, இப்ப காலேஜ் அட்மிஷன் அப்ப தான் விஷயமே தெரிஞ்சு ஆபீஸ் வாசல்ல நின்னு அழுகுது, யாரை குறை சொல்ல?

விளம்பரம் வராம இல்ல. ஃப்ளெக்ஸ்ல முக்கால்வாசி தலைவருங்க படம், யாருக்குன்னு போட்ட வரி பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும். காதுகுத்துக்கே தெருவை அடைச்சு போஸ்டர் ஒட்டுற ஊருங்க இது, நமக்கா விளம்பரம் பண்ண தெரியாது! எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு உதவித்தொகை பரீட்சை, அதுல செலக்ட் ஆனா ஒம்பதாவதுல இருந்து வருஷம் 12,000 ரூபாய் வரும், அதை எந்த சுவத்துலயும் நான் பாக்கல. 14417ன்னு பள்ளிக்கல்வி ஹெல்ப்லைன் இருக்கு, அந்த நம்பரே பாதி பேருக்கு தெரியாது.

அஞ்சாவது முடிச்சு டிசி குடுக்கும்போதே இதையெல்லாம் ஒரு பேப்பர்ல அடிச்சு பெத்தவங்க கையில குடுங்க, ரேஷன் கடை போர்டுலயும் எழுதி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உசிலம்பட்டி