தென்னைக்கு ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டுப் பகுதி வேண்டும்: கோவை மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் 2016-இல் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்னும் ஒழிந்தபாடில்லை. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்களை ஒரே பூச்சிக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, எல்லாத் தோப்புகளிலும் ஒரே காலத்தில் ஒரே முறையைக் கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

கீற்றின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, குஞ்சும் ஈயுமாகச் சாறு உறிஞ்சும் இப்பூச்சி வடிக்கும் தேன் போன்ற கழிவு, கீழ்மட்டைகளின் மீதும் ஊடுபயிரான வாழை, கொக்கோ இலைகளின் மீதும் படிய, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளை ஒருவர் கட்டி, தூசு படிந்ததும் துடைத்து மீண்டும் எண்ணெய் பூசிப் பராமரித்தாலும், குத்தகைக்கு விட்டுவிட்டு உரிமையாளர் வெளியூரில் இருக்கும் அடுத்த தோப்பிலிருந்து ஈ பறந்து வந்துகொண்டேதான் இருக்கும். அதைவிடக் கேடு, அவசரப்பட்டு அடிக்கும் இரசாயன மருந்து. வெள்ளை ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி அந்த மருந்தில் மடிந்துபோகிறது. அந்தக் குளவியைக் காப்பாற்றி வைத்திருக்கும் அண்டைத் தோப்புக்காரரின் உழைப்பும் அதோடு வீணாகிறது.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சென்னை மாகாணம் 1919-இலேயே இயற்றிய வேளாண் பூச்சி, நோய்ச் சட்டம், ஒரு பகுதியை அறிவிக்கை செய்து, நில உடைமையாளர்கள் செய்ய வேண்டியதை வரையறுக்கவும், செய்யத் தவறினால் அரசே செய்து செலவை வசூலிக்கவும் வழிவகுத்தது. பருத்தியின் தண்டைத் தாக்கும் கூன்வண்டைக் கட்டுப்படுத்த, அச்செடிகளைக் குறித்த நாளுக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று இதே கோவைப் பகுதியில் அச்சட்டத்தின்கீழ் ஆணையிடப்பட்டதும் உண்டு.

ஆனால் தண்டனைப் பிரிவை மட்டும் எடுத்தாள்வது போதாது. சிறு விவசாயி அதைக் கெடுபிடியாகவே பார்ப்பார். கலிபோர்னியாவில் 1939-ஆம் ஆண்டுச் சட்டம், ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டக்காரர்கள் தாங்களே மனுக் கொடுத்துத் தனிப் பூச்சிக் கட்டுப்பாட்டு மாவட்டம் அமைத்துக்கொள்ளவும், அதன் செலவுக்குத் தோட்டங்களின் மீது வரி விதிக்கவும் இடமளித்தது. நம் பகுதிக்கும் விவசாயிகள் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று வேண்டும். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி அக்குழு கட்டுப்பாட்டுப் பணிகளுக்கு நாள் குறிக்கட்டும். ஒட்டுப்பொறிகளுக்கும், வெள்ளை ஈயைத் தின்னும் இரைவிழுங்கிப் பூச்சிகளுக்கும் ஆகும் செலவில் சிறு தோப்புகளின் பங்கை அரசு ஏற்கட்டும்.

வறண்ட மாதங்களில்தான் ஈயின் பெருக்கம் மிகுகிறது என்பதால், கோடைக்கு முன்பே விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டு, பகுதியின் எல்லையையும் குழுவின் அமைப்பையும் முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டாரத் தென்னை விவசாயி ஒருவர்